கேமரன் மலை வாசகரும் உளங்கவர்ந்த எழுத்தாளரும்

"நான் விரும்பும் எழுத்தாளர்" என்னும் தலைப்பில் ஒரு முறையேனும் கட்டுரை எழுதாத தமிழ்ப்பள்ளி மாணவர் நம் நாட்டில் இருத்தல் அரிது. அக்கட்டுரைகளின் அமைப்பும் ஏறக்குறைய ஒன்றே. எழுத்தாளர் பிறந்த ஊர் முதற் பத்தியில் வரும். பெற்றோர் பெயர் தொடரும். நூல்களின் பட்டியல் இரண்டு பத்திகளை நிரப்பும். பெற்ற பரிசுகள் அடுத்து வரும். இறுதியில், "ஆகவே இவரே என் உளங்கவர்ந்த எழுத்தாளர்" என்று முடியும். அந்த 'ஆகவே' தனக்கு முன்னுள்ள எந்த வாக்கியத்தோடும் ஒட்டாமல் தனித்து நிற்பதைத் தாள் திருத்தும் ஆசிரியர் பலரும் கண்டிருப்பர். டாக்டர் மு. வரதராசனார் 1912ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் பிறந்தார் என்பதற்காக அவரை எவரும் விரும்பியதில்லை. ஆறாம் ஆண்டுத் தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. இந்த 'ஆகவே' மட்டும் இன்னும் நீங்கவில்லை.

நூலை நேசித்தவர் அந்நேசத்திற்குக் காரணம் கூறுதல் தமிழுக்குப் புதிய வழக்கமன்று. பவணந்தி முனிவர் நன்னூலில் சிறப்புப் பாயிரத்திற்கு இலக்கணம் வகுக்குமிடத்து, நூலைச் செய்தவர் பெயர், நூலின் பெயர் முதலியவற்றோடு கேட்போர், பயன் என்னும் இரண்டையும் சேர்த்து எட்டாக எண்ணுகிறார். அப்பாயிரத்தை நூலாசிரியர் தாமே செய்துகொள்ளுதல் மரபன்று. அவருடைய ஆசிரியரோ, உடன் பயின்றவரோ, மாணவரோ, உரை கண்டவரோ செய்தல் வேண்டும். இந்நால்வரும் யார் என எண்ணிப் பார்ப்போமானால், அந்நூலின் முதல் வாசகர்கள் என்பது விளங்கும். நம் மாணவர் கட்டுரையோ, ஆக்கியோன் பெயரையும் நூற்பெயரையும் பற்றிக்கொண்டு, கேட்போரையும் பயனையும் கைவிட்டுவிட்டது.

இக்குறை மாணவர்க்கு மட்டும் உரியதென்று கூறுவது நேர்மையாகாது. நம் திறனாய்விலும் இது உண்டு. க.நா. சுப்ரமண்யம் தொடர்கதைகளால் பெரும்புகழ் பெற்றோரை இலக்கிய எல்லைக்கு வெளியே நிறுத்தி, புதுமைப்பித்தன், மௌனி முதலியோரை முன்னிறுத்தினார். அவர் தரம் பிரித்ததில் பெரும்பகுதி காலத்தால் நிலைபெற்றதை நான் மறுக்கவில்லை. ஆயினும், பல்லாயிரவர் ஓர் எழுத்தாளரை நேசித்தனர் என்றால், அந்நேசம் எதனால் பிறந்தது என்று ஆராய்வதும் திறனாய்வின் கடமையே. மறுமுனையில் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் நிற்கிறார். கம்பன்மீது அவர் கொண்ட காதல், தம் செவிக்குக் கம்பனாகப் படாத பாடல்களைக் கம்பனுடையவை அல்ல என்று ஒதுக்கும் அளவிற்குச் சென்றது. நேசம் மிகுந்தால் நூலையே திருத்தப் புகும் போலும்! இவ்விருவருக்கும் நடுவில், புலமைப் பட்டமும் பதிப்பிக்கும் வசதியும் இல்லாத எளிய வாசகர் ஒருவர் இருக்கிறார். அவர் ஏன் ஒருவரை விரும்பினார் என்று கேட்டு எழுதி வைத்தவர் மிகச் சிலரே. தமிழ் நேசன் நாளிதழில் 1950ஆம் ஆண்டு சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய 'கதை வகுப்பு' நம் நாட்டுக் கதாசிரியர் பலரை உருவாக்கியது என்று நாம் பெருமையோடு கூறுகிறோம். வாசகர்க்கென ஒரு வகுப்பை எவரும் நடத்தவில்லை.

அவ்வாசகரைக் காண நான் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் தேயிலைத் தோட்டத்துத் தமிழ் மக்களிடையே வாழ்ந்து, அவர்தம் பிள்ளைகளுக்குக் கற்பித்து வருபவன் நான். இம்மலையில் ஜே.ஏ. ரசல் 1929ஆம் ஆண்டு போ தோட்டத்தைத் தொடங்கினார். அவருக்குத் துணையாக நின்ற மில்ன் என்பவர் இலங்கையில் தேயிலை பயிரிட்டுப் பழகியவர். 1930களின் தொடக்கத்தில் தாப்பாவிலிருந்து மலைக்குச் சாலை வந்தது. போ, ஃபேர்லி, சுங்கை பாலாஸ், புளூ வேலி எனத் தோட்டங்கள் விரிந்தன. காட்டை அழித்துச் செடி நட்டுக் கொழுந்து பறித்தவர்களில் தமிழர் பெரும்பங்கினர். சரக்கேற்றி வந்த அதே சாலையில்தான் தமிழ் நூலும் ஏறி வந்தது. நாளிதழ் ஒன்று கிராணி வீட்டிற்கு வரும். அங்கிருந்து ஆசிரியர் வீட்டிற்குச் செல்லும். பின்னர் லயத்துத் திண்ணையில் ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்பர். வார இதழ்கள் கப்பலேறி வந்தமையால் கதை நமக்குக் காலந்தாழ்ந்தே கிடைத்தது. பள்ளியின் நூலடுக்கில் இருந்த நூல்கள் ஈரத்தால் பூஞ்சணம் பூத்துக் கிடக்கும். வெயில் காணும் நாளில் அவற்றை வெளியே பரப்பி உலர்த்துவதும் ஆசிரியர் வேலைகளுள் ஒன்றாக இருந்தது. இச்சூழலில் ஒருவர் ஓர் எழுத்தாளரை விரும்பினார் என்றால், அவ்விருப்பத்திற்கு வலுவான காரணம் இருந்தே தீர வேண்டும்.

இம்மலையின் முதிய வாசகர் பலரும் முதலில் கூறும் பெயர் மு.வ. என்பதே. திருக்குறள் தெளிவுரையை நான் ஈண்டுக் கணக்கில் கொள்ளவில்லை. நூற்றுக்கு மேற்பட்ட பதிப்புகளைக் கண்ட அச்சிறு நூல் தமிழர் வீடுகளில் விளக்கைப் போல இருந்தது. விளக்கை யாரும் விரும்புகிறேன் என்று சொல்வதில்லை. மக்கள் விரும்பியவை அவருடைய புதினங்களும், 'தம்பிக்கு', 'தங்கைக்கு', 'அன்னைக்கு', 'நண்பர்க்கு' என்னும் கடித நூல்களுமே ஆகும். இக்கடித நூல்கள் தோட்டத்து மக்களை ஆட்கொண்டதற்குரிய காரணத்தை நான் பல ஆண்டுகள் சிந்தித்ததுண்டு. எழுத்தறியாத பெற்றோர்க்கு ஊரிலிருந்து கடிதம் வந்தால் அதைப் படித்துச் சொல்பவர் ஆசிரியர்; மறுமொழி எழுதித் தருபவரும் அவரே. அக்கடிதங்களில் பெரும்பாலும் இறப்பு, கடன், நிலத் தகராறு ஆகியவை பற்றிய செய்திகளே இருக்கும். இத்தகைய மக்களின் பிள்ளைகளுக்கு, படித்த அண்ணன் ஒருவன் தம்பியின் நலங்கருதி நிதானமாக எழுதும் கடிதம் அச்சில் கிடைத்தது. வீட்டில் படித்த அண்ணன் எவனும் இல்லாதவனுக்கு அந்நூலே அண்ணனாயிற்று. நடப்பை உள்ளபடி காட்டும் எழுத்தையே மக்கள் விரும்புவர் என்னும் கொள்கை இங்குப் பொருந்துவதில்லை. தம் வீட்டில் இல்லாத உறவொன்றை எவர் எழுத்து நிரப்பியதோ அவரையே இவர்கள் விரும்பினர்.

'அகல் விளக்கு' புதினத்திற்கு 1961இல் சாகித்திய அகாதெமிப் பரிசு கிடைத்தது என்பதை மாணவர் அனைவரும் எழுதுவர். அதனை விரும்பியவர்கள் கூறிய காரணம் வேறு. அறிவும் அழகும் மிக்க சந்திரன் தடுமாறி வீழ்கிறான்; நடுத்தரமான வேலய்யன் தன் முயற்சியால் நிலைத்து நிற்கிறான். தோட்டப்பள்ளியில் முதலிடம் பெறாத பிள்ளைகளே மிகுதி. அவர்களைப் பார்த்து, நீயும் ஒரு கதையின் நாயகன் ஆகலாம் என்று கூறிய முதல் நூல் அது. அதனை எழுதியவரும் வட்ட அலுவலகத்தில் எழுத்தராகத் தொடங்கி, தாமே தமிழ் கற்று வித்துவான் தேர்வில் வென்று, பள்ளியாசிரியராகி, 1971இல் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானவர். தபால் வழியே பாடம் பெற்று இரவில் படித்த தோட்டத்து இளைஞர்க்கு அவ்வாழ்க்கை வரலாறே ஒரு புதினமாக இருந்தது.

மு.வ.வின் குறையும் அனைவரும் அறிந்ததே. அவருடைய மாந்தர் யாவரும் ஒரே வகைத் தமிழ் பேசுகின்றனர். கற்றவரும் கல்லாதவரும், நோயுற்றவரும் சினமுற்றவரும் கட்டுரை வடிவிலேயே உரையாடுகின்றனர். திறனாய்வாளர் இதனைப் பலமுறை சுட்டிக்காட்டியுள்ளனர். அவர்கள் கூறுவதில் தவறில்லை. ஆயினும், தோட்டத்து வாசகரிடம் இக்குறை எவ்வாறு சென்று சேர்ந்தது என்பதையும் கூற வேண்டும். ஏழையின் பேச்சு அச்சில் வந்தால் அது சிரிப்பதற்காகவே வரும் என்று திரைப்படங்கள் அவர்களைப் பழக்கியிருந்தன. ஏழை ஒருவன் சிதையாத தமிழில் தன் நியாயத்தை எடுத்துரைப்பதை மு.வ.விடம் கண்டபோது அவர்கள் அதனைச் செயற்கை என எண்ணவில்லை. மரியாதை என்றே எண்ணினர். கலை நோக்கில் குறையாவது வாசகர் நெஞ்சில் நிறையாவதுண்டு. இதனை அறியாத ஆசிரியர், "மு.வ. பழையவர்" என்ற ஒரே சொல்லில் மாணவனின் தாத்தாவை வாயடைக்கச் செய்துவிடுகிறார்.

கல்கியின் நிலை முற்றிலும் வேறானது. மு.வ.வைத் தனியே அமர்ந்து படித்தனர். கல்கியைக் கூடி அமர்ந்து கேட்டனர். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்தது. அவருடைய வாக்கியம் உரக்கப் படிப்பதற்கென்றே அமைந்தது போலிருக்கும். எங்கு மூச்சு விட வேண்டுமோ அங்கு நிற்கும், எங்குக் கேட்பவர் "அப்புறம்?" என்பாரோ அங்கு அத்தியாயம் முடியும். இது வணிகத் தந்திரம் என்பவர் உண்டு. இராமாயணக் கதையும் அல்லி அரசாணி மாலையும் கேட்டு வளர்ந்த மக்களுக்கு இஃது அயலானதாகத் தோன்றவில்லை. மற்றொரு காரணமும் உண்டு. அப்பெருங்கதையில் வாசகர் மனத்தைக் கவர்பவன் பட்டத்திற்குரிய இளவரசனைக் காட்டிலும் வந்தியத்தேவனே. முன்னோர் ஆண்ட நாட்டை இழந்தவன். குதிரையும் ஓர் ஓலையும் கொண்டு ஊர் ஊராகச் செல்பவன். தவறான இடத்தில் அகப்பட்டுத் தன் வாய்ச்சாலத்தால் தப்புபவன். கடல் கடந்து வந்து, எவர் எவரிடமோ வழி கேட்டு வாழத் தொடங்கிய மக்கள் அவனைத் தங்களுள் ஒருவனாகக் கொண்டதில் வியப்பில்லை.

கல்கியின் குறை என்று நான் கருதுவது, துன்பத்தின் அருகில் அவர் நீண்ட நேரம் நிற்பதில்லை என்பதே. கண்ணீர் வருமுன் ஒரு நகைச்சுவை வந்துவிடும். அதனாலேயே அவரை விரும்பியவர்களும் இருக்கிறார்கள். 2022, 2023ஆம் ஆண்டுகளில் மணிரத்தினத்தின் திரைப்படங்கள் வெளிவந்த பின்னர், தமிழ் நூலைத் தொடாதிருந்த இளைஞர் சிலரும் கதையின் எஞ்சிய பகுதியை அறிய விழைந்தனர். என்னிடம் பயின்று இன்று காய்கறி லாரி ஓட்டும் இளைஞர் ஒருவர், இரவில் ரிங்லெட்டிலிருந்து தாப்பாவிற்கு இறங்கும்போது அந்நூலை ஒலிவடிவில் கேட்டுக்கொண்டே செல்வதாகக் கூறினார். ஏன் கல்கி என்று கேட்டேன். "அடுத்த வளைவு வரைக்கும் முழிச்சிருக்கணும்ல ஐயா" என்றார். அத்தியாயத்தை முடிக்கும் கலை பற்றி நான் பயிற்சிக் கல்லூரியில் கேட்ட எந்த விரிவுரையும் இவ்வளவு சுருக்கமாக இல்லை.

நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்' பெற்ற அன்பு இவ்விரண்டினின்றும் வேறுபட்டது. மணிவண்ணன் என்னும் புனைபெயரில் கல்கி இதழில் அவர் எழுதிய அத்தொடரைப் படித்தவர்கள் தம் பிள்ளைகளுக்கு அரவிந்தன் என்றும் பூரணி என்றும் பெயரிட்டனர். தமிழ்நாட்டில் பரவிய இவ்வழக்கம் நம் பள்ளிப் பதிவேடுகளிலும் இடம்பெற்றது. ஓர் எழுத்தாளருக்கு வாசகர் அளிக்கும் பரிசுகளுள் இதற்கு மேலானது இல்லை. அதனை வழங்கிய பெற்றோரின் உள்ளத்தில் இருந்தது என்ன? பூரணி பேராசிரியர் ஒருவரின் மகள்; தந்தை மறைந்ததும் தம்பி தங்கையரைக் காக்கும் பொறுப்பை ஏற்கிறாள். அரவிந்தன் அச்சகத்தில் வேலை செய்பவன், இலட்சியவாதி, இளமையிலேயே இறந்துவிடுகிறான். இத்தகைய தூய மாந்தர் உலகில் உளரோ என்று ஐயுறுவது எளிது, நானும் ஐயுறுகிறேன். பிள்ளைக்குப் பெயரிடும் தாய் தந்தையர் உலகில் உள்ளவற்றைப் பார்த்துப் பெயரிடுவதில்லை. வர வேண்டியதை எண்ணியே பெயரிடுகின்றனர். குறிஞ்சி மேற்குத் தொடர்ச்சி மலையில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை மலர்வது. நம் மலையில் அப்பூ இல்லை. சங்கப் புலவர்க்கு மலை காதலர் கூடும் இடமாயிற்று. நம்மவர்க்கு அது விடியுமுன் பெரட்டுக்கு நிற்கும் இடம். அந்த மலையில் குறிஞ்சி என்னும் சொல்லை வீட்டிற்குள் கொண்டு வந்தது ஒரு தொடர்கதை.

சாண்டில்யனின் 'கடல் புறா'வை விரும்பியவர்கள், கடாரத்து இளவரசி காஞ்சனாதேவியின் பொருட்டு அதனை நம் நாட்டுக் கதையாகவே கருதினர். ஜெயகாந்தனை விரும்பியவர்கள் பெரும்பாலும் இளைஞர். அவர் கதைகளைக் காட்டிலும் முன்னுரைகளை மனப்பாடமாகக் கூறுவர். பள்ளிக்கல்வியை இடையில் விட்ட ஒருவர் கற்றோரைப் பார்த்து அஞ்சாமல் பேசுகிறார் என்பதே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

பெண் வாசகரைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். நம் கட்டுரைகளில் அவர்கள் பெரும்பாலும் விடுபட்டுப் போகின்றனர். இம்மலையின் பெண்கள் விரும்பியவர் லட்சுமி. திரிபுரசுந்தரி என்னும் இயற்பெயர் கொண்ட அவர், கதை எழுதிப் பெற்ற பணத்தின் துணையால் மருத்துவம் பயின்றவர்; திருமணத்திற்குப் பின் தென்னாப்பிரிக்காவில் நெடுங்காலம் வாழ்ந்தவர்; 1984இல் 'ஒரு காவிரியைப் போல' என்னும் புதினத்திற்காகச் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றவர். அவருடைய கதைகளைக் 'குடும்பக் கதைகள்' என்று ஒரு சொல்லில் ஒதுக்குவது ஆண்களின் வழக்கம். கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற மூதாட்டி ஒருவரிடம் அவரை ஏன் விரும்பினீர்கள் என்று கேட்டேன். மூன்றாம் வகுப்பு வரை மட்டுமே படித்தவர் அவர். "அந்த அம்மா கதையில அழுற பொண்ணு அழுதுகிட்டே இருக்கமாட்டா, வாத்தியாரே. எந்திரிச்சு ஒரு வேலைக்குப் போவா. சம்பளம் அவ கையில வரும்" என்றார். தோட்டத்தில் பெண்ணும் உழைத்தாள்; ஆனால், பல வீடுகளில் அவள் சம்பளம் கணவன் கைக்கோ மாமியார் கைக்கோ சென்றது. லட்சுமியின் நாயகியர் நகரத்தவர், படித்தவர், பெரும்பாலும் வசதியுள்ளவர். ஆயினும், "சம்பளம் அவ கையில வரும்" என்னும் ஒரு செய்தி போதுமானதாக இருந்தது. ஆய்வேடுகள் சுற்றி வளைத்துக் கூறுவதை அம்மூதாட்டி நான்கு சொற்களில் கூறிவிட்டார்.

இதுகாறும் கூறிய எழுத்தாளர் எவரும் தேயிலையைப் பற்றி எழுதியவரல்லர். தேயிலைத் தோட்டத்துத் தமிழரைப் பற்றித் தமிழில் நல்ல எழுத்தே இல்லையோ எனில், உண்டு. பாரதியார் பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகக் கண்ணீர் வடித்ததை மாணவரும் அறிவர். அதன் பின், இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்குச் சென்ற ஏழைப்பெண் மருதியின் கதையைப் புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யில் எழுதினார். 1935இல் அது மணிக்கொடியில் வந்தது. இலங்கை மலையகத்தில் சி.வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதிய நெடுங்கவிதை சக்தி பால-ஐயாவின் மொழிபெயர்ப்பில் 'தேயிலைத் தோட்டத்திலே' என வந்தது. அவருடைய 'வீடற்றவன்' என்னும் புதினமும் உண்டு. தெளிவத்தை ஜோசப் ஓரறை லயத்தின் நெருக்கடியை 'மீன்கள்' என்னும் கதையில் எழுதினார். 2013இல் விஷ்ணுபுரம் விருது பெற்ற அவர் 2022இல் மறைந்தார். ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல், இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 2007இல் 'எரியும் பனிக்காடு' என வெளிவந்தது. 2013இல் வந்த 'பரதேசி' திரைப்படம் அதனைத் தழுவியது.

இவர்களை நம் மலை வாசகர் ஏன் விரும்பவில்லை? முதற்காரணம் எளியது: நூல்கள் வந்து சேரவில்லை. சென்னையிலிருந்து வார இதழ் வந்தது. நுவரெலியாவிலிருந்து நூல் வரவில்லை. தேயிலை வளர்க்கும் அறிவை இலங்கையிலிருந்து பெற்ற மலை, தேயிலைத் தொழிலாளியின் இலக்கியத்தைப் பெறவில்லை. ஆயினும், நூல் வந்து சேர்ந்திருந்தால் உடனே விரும்பியிருப்பர் என்றும் நான் கருதவில்லை. மேற்கூறிய மூதாட்டியிடம் 'துன்பக்கேணி'யின் கதையைச் சுருக்கிக் கூறியபோது அவர் பொறுமையாகக் கேட்டார். பின்னர், "தேயிலையைப் பத்திப் படிக்கவா ராத்திரி விளக்கு ஏத்துனோம்? அதைத்தான் பகலெல்லாம் பார்த்தோமே" என்றார். இதற்கு எவரும் எளிதில் மறுமொழி கூறிவிட முடியாது. உழைப்பாளி தன் உழைப்பையே படிக்க வேண்டும் என்று வற்புறுத்துவது நாற்காலியில் அமர்ந்திருப்பவர் தரும் அறிவுரை. 'துன்பக்கேணி' மிகச் சிறந்த கதை என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை. ஆனால், அது தொழிலாளியைப் பார்த்து எழுதப்பட்டது, தொழிலாளியை நோக்கி எழுதப்பட்டதன்று. அதன் 'கேட்போர்' வேறு. நன்னூலார் அந்த ஓர் உறுப்பை வீணாக வைக்கவில்லை.

மற்றொரு நாள் 'வீடற்றவன்' என்னும் பெயரை மட்டும் கூறினேன். கதையைக் கூறவில்லை. அவர் முகம் மாறியது. "ரிட்டையர் ஆனதும் லயத்தைக் காலி பண்ணச் சொல்லுவாங்களே, அதுவா?" என்று கேட்டார். ஒரு தலைப்பு நாற்பது ஆண்டு வாழ்க்கையைத் தொட்டது. அங்கு நேசம் பிறக்கும் வாயில் திறந்திருந்தது. வழிகாட்டுவோர் இல்லாமையால் அவ்வாயிலுக்குள் எவரும் சென்றிலர். ஆசிரியர்களாகிய நாமும் அவ்வழிகாட்டுவோருள் அடங்குவோம்.

நம் நாட்டுப் படைப்பாளரின் நிலையை நோக்குவோம். மலேசியத் தமிழ்ப் புனைகதை பெரிதும் இரப்பர்க் காட்டில் விளைந்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்து பார்த்து எழுதிய அகிலனும் 'பால்மரக் காட்டினிலே' என்றே பெயரிட்டார். நம்மவருள் சீ. முத்துசாமி, அ. ரெங்கசாமி முதலியோரின் எழுத்திலும் இரப்பர் மரத்தின் பால் வாடை வீசும். தேயிலை மலை அவ்வெழுத்துகளில் அரிதாகவே தென்படுகிறது. தென்பட்டாலும் தேனிலவு செல்லும் இடமாகவோ குளிர் காயும் இடமாகவோ வருகிறது. விடுமுறைக்கு வந்தவர் கண்ட மலை அது. ஆயினும், நம் மலை வாசகர் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' என்னும் புதினத்தைத் தேடிப் பிடித்துப் படித்ததை நான் அறிவேன். 1993இல் வந்த நூல் அது. சப்பானியர் காலத்தில் நாட்டின் பல தோட்டங்களிலிருந்தும் தமிழர் சயாம் பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர், திரும்பாதவர் பலர். முதியோர் அந்நூலை விரும்பியது கலைக்காக அன்று; சாட்சிக்காக. பக்கத்தைப் புரட்டும்போதே, இது சரி, இது இப்படி இருந்திராது என்று வாதிட்டுக்கொண்டே படித்தனர். ஒரு நூலோடு சண்டையிடுவதும் நேசத்தின் வகையே. புலவர்கள் இதனை மறுத்தாலும் கணவன் மனைவியர் ஏற்பர்!

இம்மலையின் நிலை இன்று மாறிவிட்டது. தேயிலைக் காட்டில் இன்று பணிபுரிவோருள் பெரும்பாலோர் அயல்நாட்டுத் தொழிலாளர். தமிழ்க் குடும்பங்கள் தானா ராத்தாவிற்கும் பிரிஞ்சாங்கிற்கும், அங்கிருந்து ஈப்போவிற்கும் கோலாலம்பூருக்கும் பெயர்ந்துவிட்டன. 1924இல் தோன்றிய தமிழ் நேசன் 2019இல் நின்றது. திண்ணையில் கூடிக் கேட்டவர்களில் எஞ்சியிருப்போர் சிலரே. எழுத்தாளரின் கையெழுத்துப் படியை நூலகங்கள் காக்கும். வாசகர் விரும்பிய காரணத்தைக் காக்கும் அலமாரி எங்கும் இல்லை. அவர் மறைந்தால் அதுவும் மறையும். பத்தாண்டு கழித்து ஆய்வு மாணவர் ஒருவர், மு.வ.வைத் தோட்டத்து மக்கள் ஏன் விரும்பினர் என்று எழுதப் புகுவாரானால், பரிசுகளின் பட்டியலும் பிறந்த தேதியுமே அவர் கைக்குக் கிடைக்கும்.

இதன் பொருட்டு என் பள்ளியில் சிறு மாற்றம் ஒன்றைச் செய்தேன். 'நான் விரும்பும் எழுத்தாளர்' கட்டுரையில் பிறப்பு, பெற்றோர், பரிசு ஆகிய மூன்றையும் எழுதக்கூடாது என்று விதித்தேன். எந்தக் கதையில் எந்த இடம், ஏன் என்பதை மட்டும் எழுத வேண்டும். முதல் வாரம் பலருடைய தாள் வெறுமையாக இருந்தது. சில பெற்றோர்க்கு மனக்குறையும் உண்டாயிற்று. இரண்டாம் மாதத்தில், 'பொன்னியின் செல்வன்' சுருக்கப் பதிப்பைப் படித்த ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி பூங்குழலியைப் பற்றி ஒரே வரி எழுதியிருந்தாள்: படகு அவளுடையது, அவளே துடுப்புப் போடுகிறாள், அதனால் அந்த எழுத்தாளரைப் பிடிக்கும். எழுத்துப் பிழை இரண்டு இருந்தன. 'ஆகவே' இல்லை, அதன் இடத்தில் 'அதனால்' இருந்தது, அந்த 'அதனால்' முன்னுள்ள வாக்கியத்தோடு உறுதியாக ஒட்டியிருந்தது.

மேல்நிலை மாணவர் இருவரை முதியோரிடம் அனுப்பி, அவர்கள் விரும்பிய எழுத்தாளரையும் காரணத்தையும் கேட்டு எழுதி வரச் செய்தேன். முன்னர்க் குறிப்பிட்ட மூதாட்டியிடமும் அவர்கள் சென்றனர். லட்சுமியைப் பற்றிக் கூறிய பின்னர், இந்த மலையைப் பற்றி யாரேனும் கதை எழுதினால் படிப்பீர்களா என்று மாணவர் கேட்டிருக்கின்றனர். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தாராம். பிறகு கூறியதை அவர்கள் அப்படியே குறிப்பேட்டில் எழுதி வந்தனர்: "எழுதுறதா இருந்தா, மழை நாள்ல கொழுந்து ஈரமா இருக்குன்னு எடையில கழிப்பாங்க, அதையும் எழுதச் சொல்லுங்க. எவ்வளவு கழிச்சாங்கன்னு நான் சொல்றேன்."